தானாக ஓய வேண்டிய சக்கரம்

நான் போய்ச் சேர்ந்தபோது மின்சக்கரத்தின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

வட்டமான அலுமினியத் தட்டு. தட்டின் மேல் பழைய கூடை, கூடைக்குள் வைக்கோல், வைக்கோலுக்கு மேல் கோழி. ஒயர் சுருட்டு பிரிக்காமலே கிடந்தது. மோட்டார் சரியில்லை என்று போன் செய்தது நீங்கள்தானா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தன் மெஷினில் ஒரு குறையும் கிடையாது, கோழி சௌகரியமாகத்தான் இருக்கிறது என்றார் அவர். கூப்பிட்டது கடைசி வீட்டு சரசுவாக இருக்கும் என்று கையைக் காட்டினார்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நாமகிரிப்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவன். சுற்றுவட்டாரத்தில் என்னை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கடையை இப்போது மகன் பார்க்கிறான். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறேன். போன வாரம் மஞ்சள் பாலீஷ் போடுகிற டிரம்மின் மோட்டாருக்குள் குடியிருந்த பாம்பைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் கோழி.

இது நடந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. ஏரிக்கரையை ஒட்டி மண்பாண்டம் செய்கிற ஐந்து வீடுகள். ஏதோ ஒரு திட்டத்தில் ஐந்துக்கும் ஒரே நாளில் மின்சக்கரம் வந்து இறங்கியது. கோல் போட்டுச் சக்கரம் சுற்றித் தோள்பட்டை தேய்ந்த ஜனங்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஒரே மாதத்தில் ஒன்றின் மேல் கோழி ஏறியது, ஒன்றின் மேல் டிவி ஏறியது, இரண்டு மூலைக்குப் போயின. ஐந்தாவதை மட்டும் துடைத்து, பழைய சேலை போர்த்தி, நடுவாசலில் வைத்திருந்தார்கள். அதுதான் சரசுவுடையது.

கூடம் கோணல்

சரசுவின் கணவர் பெயர் குப்புசாமி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பழைய சக்கரத்தின் விளிம்பில் ஒரு குழி உண்டு. அதில் கோலை ஊன்றி வேகமாகச் சுற்றிவிட்டுத்தான் உட்கார்ந்து வனைய வேண்டும். சக்கரம் நல்ல கனம். ஒரு பானைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை. இருபத்தைந்து வருஷம் இப்படிச் சுற்றியதில் வலது தோள் போய்விட்டது. தட்டு ஏந்திச் சாப்பிடலாம், கோலைப் பிடிக்க முடியாது.

கொஞ்ச காலம் சரசு நின்று கோல் போட்டாள், அவர் உட்கார்ந்து வனைந்தார். பிறகு அவளுக்கும் மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. வேறு வழி தெரியாமல் குப்புசாமி ரிக் வண்டிக்குச் சமையலாளாகப் போனார்.

ரிக் என்றால் எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. திருச்செங்கோட்டில் கிளம்பினால் எந்த மாநிலத்தில் நிற்கும் என்று ஓட்டுகிறவருக்கே நிச்சயம் இருக்காது. மாதக்கணக்கில் திரும்பாது. பாறைத்தூள் பறக்கும், காது அடைத்துப்போகும். அங்கே குப்புசாமி, பானை வனைந்த கையால், அலுமினிய அண்டாவில் ஒரு வண்டி ஆளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

மின்சக்கரம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது சரசுதான். அது ஓடினால் கோல் தேவையில்லை. கோல் தேவையில்லை என்றால் புருஷன் ரிக்கை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து வனையலாம். அவள் வேறெதற்கும் அந்த மெஷினைக் கேட்கவில்லை.

நான் போன அன்று குப்புசாமி லீவில் வந்திருந்தார். என் கண்முன்னே உட்கார்ந்து வனைந்து காட்டினார். மண்ணை நடுவில் நிறுத்தினார், உயர்த்தினார், வயிறு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கழுத்தை ஒடுக்கி வாயைத் திருப்புகிற நேரத்தில் விளிம்பு கிழிந்து பறந்தது. ஒரு துண்டு என் சட்டையில் வந்து ஒட்டியது. மூன்று தடவை வனைந்தார். மூன்று தடவையும் அதே இடத்தில் அதே கதி.

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். சூடு இல்லை, இரைச்சல் இல்லை, பேரிங் வெண்ணெய் மாதிரி சுற்றியது. எனக்கு அப்போது தொழில் திமிர் கொஞ்சம் அதிகம். இப்போதும் குறைந்துவிட்டது என்று என் மகன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

"மோட்டார்ல ஒரு கொறையும் இல்லீங்க," என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. குப்புசாமி எழுந்து போய் வாளித் தண்ணீரில் கை கழுவினார். ஒவ்வொரு விரலாகக் கழுவினார். லீவு முடிய இன்னும் நாள் இருந்தும், இரண்டாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு ரிக்குக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஒரு மனுஷனை ஊரைவிட்டு அனுப்பியதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆட்டையாம்பட்டிக்காரர்

கடையை ஆரம்பித்தது என் அண்ணன். அவர் காலத்தில் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு தறிக்காரர் வருவார். ஒரே மோட்டாரை மூன்று தடவை தூக்கிக்கொண்டு வந்தார். சத்தம் சரியில்லை என்பது அவர் புகார். வரும்போதெல்லாம் முறுக்குப் பொட்டலம் ஒன்றும் கொண்டு வருவார். அண்ணன் மூன்று தடவையும் பிரித்துப் பார்த்து, மோட்டார் தங்கம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். முறுக்கை நாங்கள் தின்றோம்.

நாலாவது தடவை அண்ணனுக்கே சந்தேகம் வந்து, கடையைச் சாத்திவிட்டு அவர் கொட்டகைக்குப் போனார். தறி நின்ற தரையில் ஒரு கல் இறங்கியிருந்தது. தறி ஆடியது, அந்த ஆட்டம் மோட்டாருக்கு வந்தது, தறிக்காரர் காதுக்கு அது எட்டியது. மோட்டாரும் தங்கம், புகாரும் தங்கம்.

கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் இந்தக் கதையை நான் சொல்வேன். டீ சொல்லி, உட்காரவைத்து, கை ஜாடையோடு சொல்வேன். குப்புசாமியின் பானை வாய் என் சட்டையில் வந்து ஒட்டிய அன்று மட்டும் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

மஞ்சப்பை

பத்து நாள் கழித்து சரசு பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். மஞ்சப்பையிலிருந்து, காய்ந்துபோன ஒரு பானைக் கழுத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். சுடாத பானை, வாய் பிய்ந்தது. மேஜையெல்லாம் மண் உதிர்ந்தது.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை திட்ட ஆபீசிலிருந்து ஆள் வருகிறார். ஓடாமல் கிடக்கிற மெஷின்களை எடுத்து வேறு ஊருக்குக் கொடுக்கப் போகிறார்கள். மற்ற நாலு வீட்டுக்காரர்களுக்கும் இடம் காலியானால் சரி. சரசுவுக்கு அப்படி இல்லை. அது போனால் குப்புசாமி திரும்பி வரக் காரணம் எதுவும் இல்லை. இதையெல்லாம் அவள் அழாமல், குரலை உயர்த்தாமல், கரண்ட் பில் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"சக்கரம் ஓயோணுங்க பாய்," என்றாள் கடைசியில்.

"ஓயாம ஓடத்தான் அம்மிணி மோட்டாரே பண்றோம்," என்றேன்.

வேகத்தைக் குறைக்கத்தான் பக்கத்தில் குமிழ் இருக்கிறதே என்று எடுத்துச் சொன்னேன். இரண்டு கையும் மண்ணுக்குள் இருக்கும்போது மூணாவது கைக்கு எங்கே போவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அப்படியானால் தையல் மெஷினுக்கு வைக்கிற மாதிரி ஒரு கால் மிதி வைத்துத் தருகிறேன், காலால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"நாம ஓய வச்சா புத்தி காலுக்குப் போயிருமுங்க. அது தானா ஓயோணும்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ரிப்பேர் கூட வேண்டாம், ஒரு தடவை வந்து பழைய சக்கரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், அது போதும் என்றாள். அன்று சொன்ன பழமொழி என் தொண்டையில் முள்ளாகக் கிடந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன்.

மண் இல்லாத சக்கரம்

பழைய சக்கரம் கொட்டகைக்குள் இருந்தது. குப்புசாமி போனதிலிருந்து யாரும் தொடவில்லை, நூலாம்படை பிடித்திருந்தது. சரசு அதைத் துடைத்தாள், அது சுழல்கிற அடி முளையில் எண்ணெய் விட்டாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோலைக் குழியில் ஊன்றினாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. நாலு சுற்று தள்ளினாள், பிறகு கோலை எடுத்துவிட்டாள். சக்கரம் ஊம் என்று சத்தம் போட்டுச் சுழன்றது.

அதன் மேல் மண் எதுவும் இல்லை. அவள் நின்றபடியே கையைக் காற்றில் நீட்டினாள்.

"இப்ப நல்ல வேகமுங்க. மண்ணை நடுவுல நிறுத்துவாரு." கைகள் இரண்டும் கூடின. "இப்ப ஏத்துவாரு." கைகள் மேலே வந்தன. சக்கரத்தின் சத்தம் ஒரு பிடி இறங்கியிருந்தது. "இப்ப வயிறு. இப்ப கழுத்து." சத்தம் இன்னும் இறங்கியது. "இப்ப வாய் திருப்புவாரு. பாத்துக்குங்க, எத்தனை பதமா போகுது." இப்போது சக்கரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த மண் துணுக்குகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. "இப்ப நூல் போட்டு அறுப்பாரு." அவள் விரல் காற்றில் ஒரு நூலை இழுத்தது. சக்கரம் அரைச் சுற்று போய் நின்றது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. குப்புசாமியின் கை இருபத்தைந்து வருஷமாக ஓய்ந்துபோகிற சக்கரத்தோடு வேலை செய்த கை. வேகம் வேண்டிய நேரத்தில் வேகம் இருந்தது, அடங்க வேண்டிய நேரத்தில் அதுவே அடங்கியது. அதற்கு நாங்கள் ஓயாத மோட்டாரைக் கொடுத்து, வாய் திருப்புகிற நேரத்திலும் முழு வேகத்தில் ஓட வைத்தோம். மண் கிழியாமல் என்ன செய்யும்? கூடம் நிஜமாகவே கோணல்தான்.

நீயே இத்தனை அத்துப்படியாக வைத்திருக்கிறாயே, உட்கார்ந்து வனைந்தால் என்ன என்று கேட்டேன். அவர்கள் வழக்கத்தில் அது இல்லையாம். பெண்கள் மண் மிதிக்கலாம், பலகையால் தட்டிப் பானைக்கு அடி சேர்க்கலாம், சூளை அடுக்கலாம், சந்தைக்குக் கொண்டுபோகலாம், நின்றுகொண்டு கோல்கூடப் போடலாம். சக்கரத்தின் முன்னால் உட்காருவது மட்டும் ஆண்கள் வேலை. ஆண்களிலும் ஒருவர் சக்கரத்தில் இன்னொருவர் உட்காருவதில்லை. சொந்தக்காரர் வெளியூரில் இருந்தாலும் அது அவர் இடம்தான். ஏன் என்று கேட்டால் வழக்கமுங்க என்றாள். எல்லா வீட்டிலும் இப்படி நாலு வழக்கம் இருக்கும். என் வீட்டிலும் உண்டு.

ஓய்கிற மோட்டார்

வாழ்நாளெல்லாம் ஓயாத மோட்டார் செய்தவன் ஓய்கிற மோட்டார் செய்யக் கிளம்பினேன். என் மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

யோசித்தால் வேலை சின்னது. மோட்டார் கோலுடைய வேலையை மட்டும் செய்தால் போதும். தள்ளிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். சைக்கிளில் பெடல் போடுவதை நிறுத்தினாலும் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கிறதல்லவா, அதற்குள் இருக்கிற ஃப்ரீவீல்தான் எனக்கு வேண்டியிருந்தது. சைக்கிள் கடையில் ஒன்று வாங்கினேன். தட்டு அலுமினியம், கனம் கிடையாது, மோட்டார் நின்றால் உடனே நின்றுவிடும். அதற்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு மினி லாரியின் ஃப்ளைவீல் கிடைத்தது. கனமான அந்த இரும்பு வட்டைத் தட்டுக்குக் கீழே கோர்த்தேன். காலால் அமுக்க ஒரு சுவிட்ச். அமுக்கினால் மோட்டார் தள்ளும். எடுத்தால் விலகிக்கொள்ளும், சக்கரம் தன் போக்கில் சுற்றி ஓயும்.

முதலில் ஃப்ரீவீலைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். மோட்டார் பாட்டுக்கு ஓடியது, சக்கரம் அசையவில்லை. சரசு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திருப்பி மாட்டினதும் சரியாயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் ஓய வேண்டும் என்றாள். மரக்கட்டை ஒன்றில் தோல் ஒட்டி, விளிம்பில் லேசாக உரசும்படி வைத்தேன். இன்னும் ஒரு நூல் அளவு தள்ளி வையுங்கள் என்றாள். வைத்தேன். அப்போதுதான் போதும் என்று தலையாட்டினாள்.

அன்று புதன்கிழமை.

யார் உட்காருவது

குப்புசாமியால் வர முடியவில்லை. வண்டி எங்கேயோ கிணறு போடும் பாதி வேலையில் நின்றது. சமையலாள் போனால் அத்தனை பேரும் பட்டினி.

வியாழன் காலையில் ஆபீசர் வந்தார். நடுத்தர வயதுக்காரர், தன்மையாகப் பேசினார். கையில் ஒரு தாள். ஓடுகிறது, ஓடவில்லை என்று அதில் இரண்டு கட்டம். நாலு வீட்டுக்கும் ஓடவில்லை என்று டிக் போட்டார். கோழியைக் கீழே இறக்கி வைத்தார்கள். சரசு வீட்டில் மெஷின் சுற்றியதைப் பார்த்தார். சுற்றினால் போதாது, பானை வனைவதைப் பார்த்தால்தான் எழுத முடியும் என்றார்.

அக்கம்பக்கத்து ஆண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சரசு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குப்புசாமி இடத்தில் நாங்கள் எப்படி உட்காருவது என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மெஷினை ஏற்ற டெம்போ வாசலில் நின்றது.

சரசு மண் உருண்டையை எடுத்தாள். சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உட்கார்ந்தாள்.

யாரோ ஏனம்மிணி என்று ஆரம்பித்தார்கள். அவள் காலால் சுவிட்சை அமுக்கிவிட்டாள், லாரி இரும்பு சுழன்ற சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

முதல் உருண்டை நடுவில் நிற்காமல் ஓடிவிட்டது. இரண்டாவது நின்றது. சக்கரம் ஓய ஓய அவள் கை மேலே போயிற்று. வயிறு வந்தது, கழுத்து வந்தது. வாய் திருப்பினாள். விளிம்பு நடுங்கியது, கிழியவில்லை. நூல் போட்டு அறுத்து எடுத்தாள். வாய் கோணலாக, குட்டையாக ஒரு பானை. சந்தையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆபீசர் குனிந்து கீழே பார்த்தார். சைக்கிள் சாமானும் லாரி இரும்பும் அவர் கண்ணில் பட்டுவிட்டன. கொடுத்த மெஷினைக் கழற்றக் கூடாது என்று விதி இருக்கிறது, இதை யார் மாற்றியது என்று கேட்டார். நான் அதற்குள் வாசலில் நின்ற புளியமரத்துக்குப் பின்னால் போயிருந்தேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"பாய் பண்ணுனாருங்க. நாஞ்சொல்லித்தான் பண்ணுனாரு," என்றாள் சரசு. "இல்லாட்டி இதுலயும் கோழிதானுங்க சாமி உக்காந்திருக்கும்."

அவர் பக்கத்து வீட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இன்னொரு பானை வனையச் சொன்னார். அது முடிகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, ஓடுகிறது என்ற கட்டத்தில் டிக் போட்டார். டெம்போ நாலு மெஷினோடு போயிற்று. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தேன்.

ஸ்பீக்கரில்

பக்கத்து வீட்டுப் பெண் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து குப்புசாமிக்கு அனுப்பியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். சரசு அப்போது மூன்றாவது பானையில் இருந்தாள். கையெல்லாம் மண், அதனால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

பெண்டாட்டி தன் இடத்தில் உட்கார்ந்ததற்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். சரசு மண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டாள். போனில் ரிக் இரைச்சல் கேட்டது. அதற்கு மேல் அவர் குரல் வந்தது.

"அது தானா ஓயுதா?"

"ஓயுதுங்க மாமா. வாய் திருப்பறப்ப பதமா நிக்குது."

அவர் நாலைந்து தடவை அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். முதல் பானையின் வாய் எந்தப் பக்கம் கோணல் என்று சரியாகச் சொன்னார். கட்டைவிரலை உள்ளே வைத்துக்கொள் என்றார். சரசு சரிங்க, சரிங்க என்றாள்.

"இங்க வேற ஆளு பாக்கச் சொல்லிட்டேன் புள்ள. ரெண்டு நாள்ல நான் ஊட்டுக்கு வாரேன்." என்றார் குப்புசாமி. "வந்தாலும் காத்தால நீயே உக்காரு. மத்தியானத்துக்கு மேல எனக்கு உடு."

துண்டை உதறிய பெரியவர் மெதுவாக வெளியே போய்விட்டார். சரசு மண் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான், மோட்டார் சூடாகியிருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் கீழே குனிந்துகொண்டேன்.

மோட்டார் சூடாக இல்லை.